கைக்குழந்தையின் பெரிய குடலிறக்கம்: அறுவை சிகிச்சைக்குக் காத்திருக்கலாமா?

கேள்வி:
வணக்கம். 34 வாரத்தில் பிறந்த என் மகனுக்கு இப்போது நான்கு மாதம். அழும்போது வலப்பக்கத் தொடையிடுக்கில் தோன்றும் வீக்கம் விரைப்பை வரை இறங்கி, படுக்கவைத்ததும் உள்ளே போய்விடுகிறது. மருத்துவர் விரைவில் அறுவை சிகிச்சை செய்யச் சொல்கிறார். வீட்டுப் பெரியவர்களோ நாணயம் வைத்துக் கட்டி, ஒரு வயது வரை பொறுக்கச் சொல்கிறார்கள். எது சரி?

பதில் 1 (குழந்தை அறுவை மருத்துவர்):
நாணயம் கட்டுவது தொப்புள் வீக்கத்துக்கான பழைய வழக்கம். அங்கேயே அதனால் பயனில்லை. தொப்புள் குடலிறக்கம் பெரும்பாலும் தானாக மூடிக்கொள்ளும், தொடையிடுக்குக் குடலிறக்கம் மூடாது. குடல் சிக்கி இரத்த ஓட்டம் தடைபடும் ஆபத்து முதல் ஆண்டில்தான் மிகுதி என்பதால், ஒரு வயது வரை பொறுத்திருப்பது சரியல்ல. குடல் இறங்கி வரும் சவ்வுப் பை பெரிதாக இருந்தால் அதன் மெல்லிய சுவரிலிருந்து விந்துக்குழாயையும் இரத்தக் குழாய்களையும் பிரித்தெடுப்பது நுட்பமான வேலை. பச்சிளங்குழந்தைகளுக்குச் செய்து பழகிய கைகளிடம் ஒப்படையுங்கள்.

கேள்வி கேட்டவர்:
நன்றி, டாக்டர். பெரியவர்களுக்கு வைப்பதுபோல், பலவீனமான இடத்தைத் தாங்கும் செயற்கை வலை வைப்பார்களா? மயக்க மருந்தை நினைத்தால்தான் அச்சமாக இருக்கிறது.

பதில் 1:
வலை தேவையில்லை, பையின் கழுத்தைக் கட்டிவிட்டாலே போதும். குறைமாதக் குழந்தைகளுக்கு மயக்கத்துக்குப் பின் மூச்சு சற்று நிற்கக்கூடும் என்பதால், ஓரிரவு மருத்துவமனையில் வைத்துக் கண்காணிப்பார்கள்.

பதில் 2 (செவிலியர்):
அதுவரை ஒன்றைக் கவனியுங்கள்: வீக்கம் கெட்டியாகி உள்ளே போகாமல், குழந்தை விடாமல் அழுதாலோ பச்சையாக வாந்தி எடுத்தாலோ, நீங்களே அழுத்திப் பார்க்காமல், பால் கொடுக்காமல், உடனே அவசரப் பிரிவுக்குக் கொண்டுசெல்லுங்கள்.