வால்டாக்ஸ் ரோட்டில் தேங்காய் உடைத்து வரவேற்ற படப்பெட்டி

அண்ணன்மார், அக்காமார், தம்பி தங்கைகள் எல்லாருக்கும் வணக்கம்.

போன வாரம் தம்பி ஒருவர் எழுதியிருந்தார்: அந்தக் காலத்தில் நம்ம வடசென்னைப் பக்கம் மில்லும் ஹார்பரும்தான், பொழுதுபோக்கு என்றால் மவுண்ட் ரோடுக்குத்தான் போயாக வேண்டும் என்று. படித்ததிலிருந்து எனக்கு மனசு கேட்கவில்லை.

தம்பி, சென்னையில் சினிமாவுக்கென்றே முதலில் ஒரு கொட்டகை வந்தது பிராட்வேயில். 1911ல் திருமதி குளூக் என்ற வெள்ளைக்கார அம்மா நடத்திய பயாஸ்கோப் அது. ரொம்ப நாள் நடக்கவில்லை. அப்புறம் ரகுபதி வெங்கையா வந்தார். போட்டோ ஸ்டூடியோ வைத்திருந்தவர். மவுண்ட் ரோடு பக்கம் கெயிட்டி கட்டியவர், அதோடு நிற்காமல் மின்ட் தெருவில் கிரௌன், புரசைவாக்கத்தில் குளோப் என்று கட்டிக்கொண்டே போனார். நாடகம் வேண்டுமென்றால் வால்டாக்ஸ் ரோட்டில் ஒற்றைவாடைக் கொட்டகை. பாய்ஸ் கம்பெனிகள், அதாவது பையன்களே நடித்த நாடகக் குழுக்கள், வந்து ஆடிய இடம். சென்ட்ரலை ஒட்டி மூர் மார்க்கெட் 1900லேயே வந்துவிட்டது. டிராம் அதற்கும் முன்னால், 1895ல். இவ்வளவும் நம்ம வீடுகளிலிருந்து நடக்கிற தூரம், இல்லையென்றால் டிராமில் கொஞ்ச நேரம்.

ஆனால் நான் சொல்ல வந்தது கட்டடங்களைப் பற்றி இல்லை. அங்கே போனவர்களில் பாதிப் பேருக்கு மேல் எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியாது. மூட்டை தூக்கியவர்கள், மில் சங்கு ஊதி வெளியே வந்தவர்கள், வலை பின்னியவர்கள். படமோ ஊமைப்படம், நடுநடுவே எழுத்து வரும். அதனால் திரைக்குப் பக்கத்தில் ஒருத்தர் நின்று உரக்கக் கதை சொல்லுவார். இவன் ராஜா, இவன் சதிகாரன், இப்போது பார் குதிரையில் வருகிறான் என்று அவர் குரலை ஏற்றினால் தரை டிக்கெட்டு மொத்தமும் கூடவே கத்தும். படத்தைக் கண் பார்த்தாலும் கதையைக் காதுதான் கேட்டது.

புத்தகமும் அப்படித்தான். கொண்டித்தோப்பில் இரத்தின நாயகர் அண்ட் சன்ஸ் அச்சடித்த பெரிய எழுத்துக் கதைப் புத்தகங்களைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். மலிவுப் பாட்டுப் புத்தகம் விற்ற குஜிலிக் கடைகளில் அணாக் கணக்கில் சிந்து, கும்மி, கொலைக் கதை, ரயில் விபத்துப் பாட்டு எல்லாம் கிடைக்கும். வாங்குகிறவர் ஒருத்தர், கேட்கிறவர் தெரு முழுக்க.

பழைய வண்ணாரப்பேட்டையில் எங்கள் ஆயா அப்படி வாசித்தவர். மஞ்சள் ஏறிய தாள், மடிப்பில் நூல் தைத்தது, அட்டை போய்விட்டதால் கோணிப்பை நூலால் ஒரு காலண்டர் அட்டையைக் கட்டி வைத்திருப்பார். விளக்கு வைத்ததும் அக்கம்பக்கத்துப் பெண்கள் திண்ணைக்கு வந்துவிடுவார்கள். அது நல்லதங்காள் கதை. நல்லதங்காள் தன் ஏழு பிள்ளைகளையும் கிணற்றில் போடுகிற இடம் வரும்போது ஆயா புத்தகத்தை மூடிவிடுவார். மீதி மனப்பாடம். ஒவ்வொரு பிள்ளையாகப் பெயர் சொல்லிச் சொல்லி அவர் பாட, எதிரே உட்கார்ந்திருப்பவர்கள் முந்தானையால் கண்ணைத் துடைப்பார்கள். எனக்கு அப்போது ஆறு, ஏழு வயசு. கிணறு எங்கள் வீட்டுக் கொல்லையில்தான் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டு அந்தப் பக்கமே போக மாட்டேன்.

இதையெல்லாம் வைத்துப் பார்த்தால்தான் 1931ல் நடந்தது புரியும். அந்த வருஷம் அக்டோபர் 31ஆம் தேதி காளிதாஸ், நம்முடைய முதல் பேசும் படம், கினிமா சென்ட்ரலில் வெளியானது. பிற்பாடு முருகன் தியேட்டர் என்று நாம் அறிந்த அதே இடம்தான். பம்பாயில் எடுத்த படம். ரயிலில் படப்பெட்டி வந்து இறங்கியபோது ஆயிரக்கணக்கான ஜனம் ஸ்டேஷனில் கூடிவிட்டது. வால்டாக்ஸ் ரோடு வழியாக அந்தப் பெட்டியை ஊர்வலமாகவே கொண்டுபோனார்கள். ரோஜாப்பூ தூவி, தேங்காய் உடைத்து, ஊதுபத்தி ஏற்றி. சாமி புறப்பாட்டுக்குச் செய்வதை ஒரு தகரப் பெட்டிக்குச் செய்தார்கள். அதுவரை யாராவது பக்கத்தில் நின்று சொன்னால்தான் கதை. இனிமேல் திரையே பேசப்போகிறது. படிக்கத் தெரியாத ஜனத்துக்கு அது எவ்வளவு பெரிய விஷயம்!

அந்தப் படத்தில் டி.பி. ராஜலட்சுமி தமிழில் பேசினார், கதாநாயகன் தெலுங்கில் பதில் சொன்னார். கேட்கிறவர்களுக்கு இன்று விசித்திரமாக இருக்கும். நம்ம தெருக்களில் ஒரே திண்ணையில் இரண்டு பாஷையும் பேசித்தானே வளர்ந்தோம்!

சரி, ஒரு வேண்டுகோள். ஆயாவின் புத்தகம் இப்போது எங்களிடம் இல்லை. வீடு மாறும்போது பழைய பேப்பரோடு போய்விட்டது, அந்த வருத்தம் எனக்கு இன்னும் ஆறவில்லை. உங்கள் வீட்டுப் பரணில், டிரங்குப் பெட்டியில், இப்படி ஒரு பெரிய எழுத்துப் புத்தகமோ, கொட்டகை வாசலில் விற்ற பாட்டுப் புத்தகமோ கிடந்தால் எடுத்துப் பாருங்கள். முதல் பக்கத்தையும் அச்சகத்தின் பெயர் இருக்கும் பக்கத்தையும் படம் எடுத்து அனுப்புங்கள். ஊரில் இருக்கும் அம்மா, பெரியம்மாவுக்குப் போன் போட்டு இந்த வாரமே சொல்லிவிடுங்கள். போகி வருவதற்குள்.