பெலிசிக் பெரிய கோச்சா, இல்ல எல்லாம் பிரேடி புண்ணியமா?

டாம்பாவாசி: பேட்ரியட்ஸ் கோச்சா ஆறு சூப்பர் பவுல் (அமெரிக்கன் ஃபுட்பால் லீக் என்எஃப்எல்லோட ஃபைனல்), ஆறு சூப்பர் பவுல்னு கேட்டு காது புளிச்சுப்போச்சு. பில் பெலிசிக் கெரியர்ல அவரோட குவாட்டர்பேக் (பந்த எறிஞ்சு ஆட்டத்த நடத்தறவரு) டாம் பிரேடிய எடுத்துட்டா மிச்சம் என்ன? க்ளீவ்லேண்ட் பிரவுன்ஸ்ல அஞ்சு வருஷம் ஹெட் கோச், 36 ஜெயிச்சு 44 தோத்து 96ல வீட்டுக்கு அனுப்பிட்டாங்க. பேட்ரியட்ஸ்ல மொத சீசன் 5-11, அதாவது அஞ்சு ஜெயிச்சு பதினொண்ணு தோல்வி. பிரேடி 2020ல டாம்பா பே டீமுக்குப் போய் 43 வயசுல அந்த சீசனே கப் அடிச்சாரு, இவரு அதே சீசன் 7-9. முடிஞ்சு போச்சு கேஸ்.

ஃபிலிம்ரூம்: ப்ரோ, பிரேடி வர்றதுக்கு முன்னாடியே 25 வருஷ கெரியர் இருக்கு. 1975ல பால்டிமோர் கோல்ட்ஸ்ல வாரம் 25 டாலருக்கு சேர்ந்த ஆளு, என்எஃப்எல்ல ஒரு மேட்ச் ஆடினதில்ல, எதிர் டீம் ஃபிலிம ஓட்டி ஓட்டி எந்த ப்ளேல எவன் எங்க நின்னான்னு எழுதி வைக்கிறதுதான் வேலை. அப்புறம் டெட்ராய்ட், டென்வர், 79ல நியூயார்க் ஜயண்ட்ஸ், அங்க ஹெட் கோச் பார்செல்ஸ் கீழ 85ல டிஃபென்சிவ் கோஆர்டினேட்டர் (தடுப்பாட்டத்துக்குப் பொறுப்பான கோச்). 91 ஜனவரி சூப்பர் பவுல் பாத்திருக்கீங்களா? பஃபலோ பில்ஸோட பாஸிங்க அடக்கணும்னு முன்னாடி லைன்ல ஆளக் குறைச்சு பின்னாடி நிறுத்தி, பந்த தூக்கிட்டு ஓடற அவங்க ஆளு தர்மன் தாமஸ் ஓடினா ஓடட்டும்னு விட்டாரு. அவரும் 135 கெஜம் ஓடினாரு, ஆனா மேட்ச் 20-19 ஜயண்ட்ஸுக்கு. அந்த ப்ளான் இப்ப ஃபுட்பால் ஹால் ஆஃப் ஃபேம் மியூசியத்துல இருக்கு.

டாம்பாவாசி: கடைசி செகண்ட்ல பில்ஸ் கிக்கர் நார்வுட் 47 கெஜம் கிக்க வெளிய அடிக்கலன்னா அந்த ப்ளான் குப்பைல இருந்திருக்கும். அப்புறம் அந்த 25 டாலர் கதை. அப்பா ஸ்டீவ் பெலிசிக் நேவி டீம்ல பல வருஷம் கோச், ஸ்கவுட், பையன் சின்ன வயசுலயே அவரோட உக்காந்து ஃபிலிம் பாத்தவன். ஊரு பேரு தெரியாத ஒருத்தன் போய் நின்னா அந்த கதவு திறக்குமா? அந்த சம்பளத்துல காலம் தள்ள முடியறவன்தான் அந்த வேலைக்கே வர முடியும்.

ஓரமா_நிக்கிறவன்: அப்பா விஷயம் நியாயம், ஆனா க்ளீவ்லேண்ட்ல 94ல 11-5, ப்ளேஆஃப்ல ஒரு மேட்ச் வேற ஜெயிச்சாங்கன்றத ஏன் விடறீங்க? 95 சீசன் நடுவுல ஓனர் மோடெல் டீமையே பால்டிமோருக்கு தூக்கிட்டுப் போறேன்னு அறிவிச்சா எந்த கோச் ஜெயிப்பான். (குவாட்டர்பேக் கோசார டீம விட்டு அத்துவிட்டது அவர் தப்புதான், அதுக்கு நான் வக்காலத்து வாங்க மாட்டேன்.)

ஃபிலிம்ரூம்: 2008ஐ பாருங்க. மொத மேட்ச்லயே பிரேடி முட்டி போச்சு, ஸ்கூலுக்கு அப்புறம் குவாட்டர்பேக்கா ஒரு மேட்ச் கூட ஸ்டார்ட் பண்ணாத மேட் கேசல வச்சு 11-5.

டாம்பாவாசி: முந்தின வருஷம் 16-0 அடிச்ச டீம் சார் அது! ப்ளேஆஃபுக்கே போகல. 2007ல எதிர் டீம் கோச்சுங்களோட சிக்னல வீடியோ எடுத்து மாட்டி அஞ்சு லட்சம் டாலர் ஃபைன் கட்டினத வேற நானா சொல்லணும்? காலேஜுக்குப் போயாவது காட்டுவாருன்னு பாத்தா நார்த் கரோலினால மொத மேட்ச் 48-14 உதை.

ஃபிலிம்ரூம்: சரி, அந்த பிரேடிய டிராஃப்ட்ல (காலேஜ் ஆளுங்கள டீமுங்க வரிசையா தேர்ந்தெடுக்கறது) 199வது பிக்ல எடுத்தது யாரு? 2001ல அப்போதைய குவாட்டர்பேக் ப்ளெட்சோவுக்கு பத்து வருஷத்துக்கு 103 மில்லியன் டாலர்னு கான்ட்ராக்ட் போட்ட கை ஈரம் காயல, அவரு காயம் ஆறி வந்தப்பவும் பிரேடிய ஆட விட்டு அவர பெஞ்சுல உக்கார வச்ச தைரியம் யாருக்கு வரும்?

டாம்பாவாசி: அவ்ளோ தெரிஞ்சவரு மொத ரவுண்டுலயே எடுத்திருக்கலாமே.

ஓரமா_நிக்கிறவன்: 2000 டிராஃப்ட்ல அவங்ககிட்ட மொத ரவுண்ட் பிக்கே இல்ல. பெலிசிக் ஒரு பேப்பர்ல ஒரு வரி எழுதி நியூயார்க் ஜெட்ஸ் ஹெட் கோச் வேலைய விட்டாருல்ல, அவர கூட்டிட்டு வரவே அந்த பிக்க ஜெட்ஸுக்கு குடுத்துட்டாங்க.

டாம்பாவாசி: ரெண்டாவது ரவுண்ட் இருந்துச்சுல்ல? ஏட்ரியன் க்ளெம்ம எடுத்தாரு. நீங்க ரெண்டு பேரும் கூகுள் பண்ணாம அவரு என்ன பொசிஷன்னு சொல்லுங்க பாப்போம்.