களப்பு இறால் எவ்வளவு வேகமாக வளர்கிறது? அளந்து சொல்லலாமா?

வாவிமகள்:
மட்டக்களப்பு வாவியில் வெள்ளை இறால் விரல் நீளம் வருமுன்பே வலைக்குள் போய்விடுகிறது. எந்த மாதம் வரை விட்டுவைத்தால் நல்ல எடை வரும் என்று கணக்குப் பார்க்கலாம். மீனின் காதுக்கல் வளையங்களில் வயது பார்ப்பதுபோல் இறாலில் பார்க்க வழியில்லை, கோது கழற்றும்போது பழைய அடையாளமெல்லாம் கழன்றுவிடும். அதனால் மாதாமாதம் வாடியில் இருந்து தலைக்கோதின் நீளத்தை இடுக்கிமானியால் அளக்கிறேன். 1938இல் உயிரியலாளர் வொன் பெர்ட்டலன்ஃபி தந்த வளர்ச்சிச் சமன்பாட்டில் அதைப் பொருத்தினால், சிறிதில் வேகமாகவும் பெருக்கப் பெருக்க மெதுவாகவும் ஏறும் வளைகோடு கிடைக்கும்.

பாலமீன்மடு தோணி:
தங்கச்சி, நீங்கள் அளப்பது வாவியில் மிஞ்சினதை. பெருத்தது முட்டையிடக் கடலுக்குப் போய்விடும். மாரி வெள்ளம் கடலுக்கு வடிய முகத்துவார மணலை வெட்டின இரவு நீர் இழுக்கும் பக்கம் வலை வைத்துப் பாருங்கள், பெரிதுகளாக வரும். அடுத்த கிழமை வாவிக்குள் கல்லடிப் பக்கம் வீசினால் பொடிதான். உங்கள் கோடு "வளர்ச்சி நின்றுவிட்டது" என்று சொல்லும். நிற்கவில்லை, வெளிக்கிட்டுவிட்டது!

வாவிமகள்:
சரி அண்ணன், அது பெரிய ஓட்டைதான். வாவி இறாலை மட்டும் வைத்தால் உச்ச நீளம் குறைத்தே வரும். கடலில் பிடிபடுவதையும் சேர்க்க வேண்டும், பெண் இறால் ஆணைவிடப் பெருக்கும் என்பதால் இரண்டையும் பிரித்தே அளக்க வேண்டும். அதற்காகக் கணக்கையே தூக்கி எறிய வேண்டுமா?

கல்லாற்றுப் பெடியன்:
இன்னொன்று. புதுக் குஞ்சு ஒரே தடவையில் உள்ளே வருவதில்லை. இரண்டு கூட்டம் கலந்தால் சராசரி இறங்கும். இறால் சுருங்கிவிட்டதா? தவிர, அது கோது கழற்றும்போதுதான் நீளும். அப்போது பிடித்தால் ஊறின கடதாசிபோல் கையில் மடியும். படி படியாக ஏறுவதற்கு வளைகோடு எதற்கு?

வாவிமகள்:
சராசரியைப் பார்ப்பதில்லை தம்பி. எந்த நீளத்தில் எத்தனை இறால் என்று வரைந்து, ஒவ்வொரு கூட்டத்தின் முகடும் அடுத்த மாதம் எவ்வளவு நகர்ந்தது என்று தனித்தனியே பின்தொடர்கிறோம். அதற்கு 1981இலிருந்தே கணினி முறை உண்டு. ஓர் இறால் படியாக ஏறினாலும், ஆயிரம் இறால் ஒரே இரவில் கோது கழற்றாதே. கூட்டமாகப் பார்த்தால் கோடு வளைந்துதான் வரும்.

பாலமீன்மடு தோணி:
முகட்டைப் பின்தொடர்வதற்கு முகடு வாவிக்குள் நிற்க வேண்டுமே? வாலில் அடையாள நாடா கட்டி விட்டுத் திரும்பப் பிடித்தால் நம்புவேன். அதுவரை உங்கள் கோட்டை வைத்து எங்கள் வலையை நிறுத்தச் சொல்லாதீர்கள். மாரிக்கு முகத்துவாரம் வெட்டும்போது சொல்லி அனுப்புகிறேன், இடுக்கிமானியோடு தோணிக்கு வாருங்கள். அந்த இரவு பிடிபடுவதையும் அளந்துவிட்டுப் பேசுவோம்.