பிரமிடில் கரையானுக்கு எந்தப் படி?
வணக்கம். பன்னிரண்டாம் வகுப்பு படிக்கும் என் மகள், எங்கள் ஏற்காடு காப்பித் தோட்டத்தை வைத்து ஆற்றல் பிரமிடு (எதை எது தின்கிறது, ஆற்றல் எவ்வளவு மேலே போகிறது என்று படிப்படியாகக் காட்டும் படம்) வரைகிறாள். இலை, அதைத் தின்னும் புழு, புழுவைப் பிடிக்கும் ஓணான், ஓணானைத் தூக்கும் வல்லூறு. படிக்குப் படி ஆற்றலில் சுமார் 10 சதவீதம்தான் மேலே போகும், மீதி வெப்பமாகவும் கழிவாகவும் போய்விடும். இதுவரை சரி.

சிக்கல் தரையில்தான். நிழல் மரமான சில்வர் ஓக்கின் சருகு கணுக்கால் வரை கிடக்கிறது. கிளறினால் வெள்ளை வெள்ளையாகப் பூஞ்சை இழை, கரையான், மண்புழு. யாரும் பச்சையாகத் தின்னாத இலையின் ஆற்றல் எல்லாம் இங்கேதான் இறங்குகிறது. இவற்றை எந்தப் படியில் வைப்பது? ஓரமாகத் தனிப் பெட்டி போடலாமா? அப்புறம், அந்த மண்புழுவைக் கொத்தும் மைனாவுக்கு என்ன படி? உயிரியல் ஆசிரியர்கள் யாராவது சொல்லுங்களேன், திங்கட்கிழமை கொடுக்க வேண்டும்.