ஸ்னேக் ஆற்று அணைகளை உடைக்க யாருக்கு அதிகாரம்?

சட்டநோக்கர்:
சால்மன் மீன்களைக் காக்க உடைக்க வேண்டும் என்று சிலர் கோரும், அமெரிக்காவின் ஸ்னேக் ஆற்றிலுள்ள நான்கு அரசு அணைகளைப் பற்றி நேற்று வேறோர் இழையில் நண்பர் நதிநேசன் எழுதியதைப் படித்துப் பொறுமை இழந்துதான் இந்த இழையைத் தொடங்குகிறேன். “காங்கிரஸ் (அமெரிக்க நாடாளுமன்றம்) எதற்கு? அணைகளை இயக்கும் ராணுவப் பொறியாளர் படை நினைத்தால் மண்கரையை வெட்டி ஆற்றைத் திறந்துவிடலாம்” என்று அவர் தீர்ப்பே வழங்கிவிட்டார், பலர் அதற்குக் கைதட்டியும் இருக்கிறார்கள். ஐஸ் ஹார்பர், லோயர் மானுமென்டல், லிட்டில் கூஸ், லோயர் கிரானைட் ஆகிய நான்கும் 1945ஆம் ஆண்டின் ஆறுகள், துறைமுகங்கள் சட்டத்தின் பேரில் எழுந்தவை. ஆற்று முகத்திலிருந்து ஐடஹோவின் லூயிஸ்டன் வரை சரக்குப் படகுகள் செல்லத்தக்க தேங்குநீரை உண்டாக்குவது அச்சட்டமே சொன்ன நோக்கம். சட்டம் வகுத்த நோக்கத்தை நிர்வாகம் தன் விருப்பப்படி அழிக்க முடியாது. கூட்டாட்சி அரசின் சொத்தைப் பற்றி முடிவெடுக்கும் அதிகாரத்தை அரசியலமைப்பின் நான்காம் பிரிவு காங்கிரசுக்குத்தான் கொடுத்திருக்கிறது. காங்கிரஸ் ஒதுக்காத பணம் கருவூலத்தை விட்டு வெளியே வராது என்பது முதற் பிரிவிலேயே இருக்கிறது.

நதிநேசன்:
நான் சொல்லாததை என் வாயில் திணிக்க வேண்டாம். ‘அணையை அகற்றுவது’ என்று நான் எழுதவில்லை. மண்கரையை வெட்டுவது என்றுதான் எழுதினேன். லோயர் கிரானைட்டை எடுத்துக்கொள்ளுங்கள். மின்நிலையம், நீர்வழிந்தோடி, படகுகளை ஏற்றி இறக்கும் பூட்டு எல்லாம் கான்கிரீட். வடகரையை ஒட்டியிருப்பது மண்ணும் சரளையும் கொட்டிய கரை. அந்தக் கரையை மட்டும் வெட்டினால் கான்கிரீட் முழுவதும் நின்ற இடத்திலேயே நிற்கும், ஆறு அதைச் சுற்றிக்கொண்டு ஓடும். 1945 சட்டம் தேவையான அணைகளைக் கட்ட அனுமதித்தது. கட்டியதை என்றென்றும் தேக்கி வைத்திருக்க வேண்டும் என்று எந்த வரியில் சொல்கிறது? 1992 மார்ச்சில் இதே பொறியாளர் படை லோயர் கிரானைட் நீர்த்தேக்கத்தை 30 அடிக்கும் மேல் இறக்கிச் சோதித்துப் பார்த்ததே, அப்போது காங்கிரஸ் புதிய சட்டம் இயற்றித்தான் அனுமதித்ததா?

சட்டநோக்கர்:
1992ஐத் தாங்களே எடுத்துக் கொடுத்ததற்கு நன்றி. அது ஒரு மாதச் சோதனை. முடிந்ததும் நீர்த்தேக்கம் மீண்டும் நிரப்பப்பட்டது. அந்த ஒரு மாதத்திலேயே கரையோரச் சாலைகள் விரிசல் விட்டன, படகுத்துறைகள் சேற்றில் சாய்ந்தன, ஒதுங்கிய குட்டைகளில் மீன்கள் செத்து மிதந்தன. நீர்மட்டத்தைச் சில வாரங்கள் இறக்கி ஏற்றுவது அணையை இயக்கும் அதிகாரத்துக்குள் வரும். கரையை வெட்டி, லூயிஸ்டனுக்குப் படகு செல்லும் வழியை நிரந்தரமாக மூடுவது அதற்குள் வராது. கான்கிரீட் நிற்கிறது என்பதால் என்ன பயன்? தண்ணீர் இல்லாத பூட்டில் எந்தப் படகு ஏறும்?

கட்டி முடித்த திட்டத்தைச் சூழ்நிலை மாறினால் என்ன செய்வது என்பதற்கும் சட்டம் இருக்கிறது. 1970ஆம் ஆண்டின் வெள்ளக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் 216ஆம் பிரிவு, பொறியாளர் படை ஆய்வு செய்து பரிந்துரையுடன் காங்கிரசுக்கு அறிக்கை தர வேண்டும் என்கிறது. அறிக்கைதான் தரலாம், மண்வெட்டியை எடுக்க அது உரிமை கொடுக்கவில்லை. 2020ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க அறிக்கையில் கரையை உடைப்பதும் ஒரு மாற்றாக ஆராயப்பட்டது. அதற்குக் காங்கிரசின் அனுமதி வேண்டும் என்று படையே அங்கு ஒப்புக்கொண்டிருக்கிறது.

மேகலை:
இருவரும் கரையையே சுற்றிச் சுற்றி வருகிறீர்கள். அந்த ஆற்றில் உரிமை உள்ளவர்களைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை. நெஸ் பெர்ஸ், யாக்கமா, உமட்டில்லா, வார்ம் ஸ்பிரிங்ஸ் பழங்குடி மக்கள் 1855இல் அமெரிக்க அரசோடு செய்துகொண்ட உடன்படிக்கைகளில் வழக்கமான இடங்களில் மீன்பிடிக்கும் உரிமையைத் தங்களிடமே வைத்துக்கொண்டார்கள். அமெரிக்க அரசியலமைப்பின்படி உடன்படிக்கையும் நாட்டின் உச்சச் சட்டம்தான். ஸ்னேக் ஆற்றின் சாக்கை என்னும் சால்மன் மீன் வகை 1991இலேயே அழியும் நிலையிலுள்ள இனமாக அறிவிக்கப்பட்டுவிட்டது. டெல்லிகோ அணை வழக்கில், ஏறக்குறைய கட்டி முடித்த அணையை ஒரு சிறு மீனுக்காக 1978இல் உச்ச நீதிமன்றம் நிறுத்தியது. காங்கிரஸ் தொடர்ந்து பணம் ஒதுக்கி வந்ததுகூட அங்கே ஒரு சாக்காக எடுபடவில்லை. 1945 சட்டம் ஒன்றுதான் சட்டமா?

சட்டநோக்கர்:
அம்மா, டெல்லிகோவின் கதையைத் தாங்கள் பாதியில் நிறுத்திவிட்டீர்கள். அடுத்த ஆண்டே, 1979இல், காங்கிரஸ் அந்த அணைக்கு விலக்கு அளித்தது, மதகுகள் மூடப்பட்டன, பள்ளத்தாக்கு மூழ்கியது. நீதிமன்றத்துக்கு மேல் கடைசிச் சொல் யாருடையது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா? ஸ்னேக் ஆற்று வழக்குகளிலும் நீதிபதிகள் மீன் காப்புத் திட்டங்களைத் திரும்பத் திரும்ப நிராகரித்தார்கள், வழிந்தோடிகளில் கூடுதல் நீரை விடச் சொன்னார்கள். 2016இல் நீதிபதி மைக்கேல் சைமன், கரையை உடைப்பதையும் ஒரு மாற்றாக ஆராய வேண்டிவரலாம் என்றார். ஆராயச் சொல்வது வேறு. உடைக்கச் சொல்வது வேறு. உடைக்கும்படி எந்த நீதிபதியும் இதுவரை கட்டளையிடவில்லை.

நதிநேசன்:
மண்கரையை வெட்டக் கூடாது என்று 1945 சட்டத்தில் எந்த வரி சொல்கிறது என்றுதான் கேட்டேன். மூன்று பதிவுகள் எழுதிவிட்டீர்கள், அந்த வரி மட்டும் வரவில்லை. எல்வா ஆற்றில் அணைகள் போயின, கிளாமத் ஆற்றில் நான்கு அணைகள் போயின, வானம் இடிந்து விழவில்லை.

கரைப்பொறியாளர்:
கிளாமத்தை இங்கே இழுக்காதீர்கள். சென்ற முறையும் இதையே சொல்லித்தான் என்னோடு சண்டைக்கு வந்தீர்கள், நான் திருத்தியதற்கு இன்றுவரை ஒரு பதிலும் இல்லை. அந்த நான்கும் பசிஃபிகார்ப் என்னும் தனியார் நிறுவனத்தின் அணைகள். உரிமம் கொடுத்தது கூட்டாட்சி எரிசக்தி ஒழுங்குமுறை ஆணையம். 2022 நவம்பரில் உரிமத்தைத் திருப்பி ஒப்படைக்க அனுமதித்ததும் அதே ஆணையம்தான். அரசு அணைகளின்மேல் அந்த ஆணையத்துக்கு இப்படி ஓர் அதிகாரமே கிடையாது. மேலும், சுமார் 100 அடி உயரத்துக்குத் தேங்கிய நீரை வைத்துக்கொண்டு கரையை ‘வெட்டிவிடலாம்’ என்று எழுதுபவர் ஒரு கரையின் மேலாவது நின்று பார்த்திருக்கிறாரா என்று எனக்கு ஐயமாக இருக்கிறது. டர்பைன்களையே கீழ்மட்ட நீர்ப்போக்கிகளாக மாற்றி, நாள்தோறும் அளவாக இறக்கிய பிறகல்லவா மண்ணில் கைவைக்க முடியும்?

நதிநேசன்:
என் தகுதியை எடைபோடத் தங்களை யாரும் அழைக்கவில்லை. டர்பைன் வழியாக இறக்குவதும் இயக்கும் அதிகாரம்தானே? அப்படியானால் பாதி வேலைக்குக் காங்கிரஸ் தேவையில்லை என்று தாங்களே சொல்லிவிட்டீர்கள். எல்வா அணைகள் அகற்றப்பட்டபோது அரசின் கையில்தான் இருந்தன. அதற்கு என்ன சொல்கிறீர்கள்?

சட்டநோக்கர்:
எல்வாவுக்கு 1992இல் காங்கிரஸ் தனிச் சட்டமே இயற்றியது. அதன் பிறகுதான் அணைகளை அரசு வாங்கியது, 2011இல் இடிப்பு தொடங்கியது. அரசு அணையை அகற்றுவதற்குச் சட்டம் வேண்டும் என்பதற்கு நானே தேடினாலும் இதைவிடச் சிறந்த சான்று எனக்குக் கிடைத்திருக்காது.

மேகலை:
அந்தச் சட்டம் தேவைப்பட்டதே தனியாரிடமிருந்து வாங்குவதற்காக. வாங்க வேண்டிய தேவையே இல்லாத ஸ்னேக் ஆற்றுக்கு அது எப்படிச் சான்றாகும்?

சட்டநோக்கர்:
வாங்குவதற்கு மட்டுமன்று, ஆற்றையும் மீன்வளத்தையும் முழுமையாக மீட்பதற்கும்தான் அச்சட்டம் வழி செய்தது. இன்னொன்றையும் சொல்லுங்கள். காங்கிரஸ் தேவையில்லை என்றால், ஐடஹோவின் காங்கிரஸ் உறுப்பினர் மைக் சிம்ப்சன் 2021இல் 33.5 பில்லியன் டாலர் திட்டத்தை ஏன் காங்கிரசின் முன்னே வைக்க முயன்றார்? 2023 டிசம்பரில் பைடன் அரசு பழங்குடிகளோடும் மாநிலங்களோடும் உடன்பாடு செய்தபோது, உடைக்கும் முடிவு காங்கிரசுடையது என்று ஏன் சொன்னது? அந்த உடன்பாட்டிலிருந்தே 2025 ஜூனில் டிரம்ப் ஒரு குறிப்பாணையால் விலகிவிட்டார். கையெழுத்தால் வந்தது கையெழுத்தால் போயிற்று. நான்கு ஆண்டுக்கொருமுறை மாறும் கையெழுத்தை நம்பிக் கரையில் கைவைக்கச் சொல்கிறீர்களா?

நதிநேசன்:
அதிபர்கள் துணியவில்லை என்பது அவர்களுக்கு அதிகாரம் இல்லை என்பதற்குச் சான்றாகாது. அந்த வரியை இன்னும் காட்டவில்லை.

கரைப்பொறியாளர்:
கிளாமத்துக்கு எனக்கும் இன்னும் பதில் வரவில்லை.

சட்டநோக்கர்:
வெட்டத் தடை எங்கே என்று கேட்கிறீர்கள். அரசு அமைப்பு தனக்குச் சட்டம் கொடுத்ததை மட்டுமே செய்யலாம். ஆகவே வெட்ட அனுமதி எங்கே என்பதைத் தாங்கள்தான் காட்ட வேண்டும். 1945 சட்டத்தின் இரண்டாம் பிரிவைத் திறந்து, ‘தேங்குநீர்ப் படகுப் போக்குவரத்து’ என்ற சொற்களுக்குப் பக்கத்தில் அந்த அனுமதி இருந்தால் எடுத்து இங்கே ஒட்டுங்கள்.