நீரோட்டம் பாக்கறப்ப நீங்க கண்ணால பாத்தத எழுதுங்க

காங்கேயம் தோட்டத்துக்காரன்:

போர் போடோணும்னு முடிவானா நம்மூர்ல மொதல்ல தேடறது நீரோட்டம் பாக்கறவரத்தானுங்க. எங்க மாமா தோட்டத்துக்கும் ஒரு பெரியவர் வந்தாரு, இவ்வளவு வேணும்னு வாயத் தொறந்து கேக்காத மனுசன். வெடியால வெயில் ஏறறதுக்குள்ள உள்ளங்கையில தேங்காயப் படுக்க வெச்சுட்டுக் காடு பூரா நடந்தாரு, கெணத்துக்குக் கெழக்கால வந்ததும் தேங்கா நட்டுக்குனு நின்னுச்சு. பக்கத்துலயே இருந்து பாத்தேன், அவரு வெரல மடக்கல, ஏமாத்தல. அப்பறம் கேட்டேன், "ஐயா தப்பா நெனைக்காதீங்க, கண்ணத் துண்டால கட்டிட்டு இன்னொருக்கா நடக்கலாமுங்களா?" மாமாவுக்கு மூஞ்சி சுருங்கிப்போச்சு, ஆனா பெரியவர் "கட்டு கண்ணு, எனக்கும் பாக்கோணும்னு இருக்குது"ன்னுட்டாரு. நாலஞ்சு சுத்து சுத்திக் கூட்டிட்டுப் போனேன். மொதல்ல நின்ன எடத்துல தேங்கா அசையவே இல்ல, தாண்டி வேற எங்கயோ எந்திரிச்சுது.

நமக்கே தெரியாம கை அசையற இந்த விசயத்த 1853லயே இங்கிலாந்து விஞ்ஞானி மைக்கேல் பாரடே சோதிச்சுட்டாருங்க. அப்ப அங்க ஆவி வந்து மேசையச் சுத்துதுன்னு ஒரே பேச்சு, மேசை மேல கை வெச்சவங்க நாங்க தள்ளவே இல்லீன்னு அடிச்சுச் சொல்றாங்க. பாரடே கைக்கும் மேசைக்கும் நடுவால அட்டைங்கள லேசான பசை வெச்சு அடுக்குனாரு. மேசையே இழுத்திருந்தா அடி அட்டைதான் முந்திப் போயிருக்கோணும், ஆனா மேல் அட்டைதான் எச்சா நகந்திருந்துச்சு, அப்பத் தள்ளுனது கைதான். கை தள்ளுனாக் காட்டிக் குடுக்கற மாதிரி ஒரு முள்ளும் வெச்சாரு, அது அவங்க கண்ணுல படற மாதிரி இருந்தப்ப மேசை ஓடவே இல்ல. அதுக்கும் முன்னாடி 1833ல பிரான்சு வேதியியல்காரர் செவ்ரல், நூல்ல தொங்கற குண்டு கண்ணக் கட்டுனா ஆடறத நிறுத்திருதுன்னு எழுதிட்டாரு.

இதுல எனக்குப் பெருசாப் படறது, பாரடே அவங்கள பொய்யனுங்கன்னு சொல்லவே இல்ல. நம்ம பெரியவரும் அப்படித்தான். பள்ளம் எது, புத்து எங்க இருக்குது, நாவ மரம் எங்க நிக்குதுன்னு அவரு கண்ணு வருசக்கணக்கா பாத்துப் பழகுனது, அது கைக்குப் போயிருது, மனசுக்குத் தெரியறதில்ல. கண்ணக் கட்டுனா அந்த அனுபவமும் கட்டிப்போகுது.

திருச்செங்கோடு ரிக் வண்டி ஆளு:

போர் போடற எடத்துக்கு நாங்க பாயிண்ட்டும்போம். அது தேங்கா சொன்னதோ சர்வே மெசின் சொன்னதோ, கொடயற எங்களுக்கு ஒண்ணுதானுங்க. 600 அடிக்கும் தண்ணி வராம வெறும் கல்லு மாவாப் பறக்கும், நிறுத்தலாமுங்களான்னா "இன்னொரு நூறு போங்க தம்பி, வந்துரும்"பாங்க. ஆழம் போகப் போக அடிக்கு ரேட் ஏறும், அதனால கடைசி நூறுதான் எல்லாத்தயும் விட எச்சாக் காசு, அதுக்குத்தான் அம்மிணிங்க நகை பேங்குக்குப் போகும். மனசுக்கு வெசனமாத்தான் இருக்கும். தண்ணி வந்துட்டா ஒறம்பரைக்கெல்லாம் கறிச்சோறு, பாயிண்ட் பாத்தவரு பேரு பத்து ஊருக்குப் போகும். வராத குழியப் பத்தி யாரும் பேச மாட்டாங்க. அந்தக் குழிக்கு அன்னைக்கே மூடி போட்டு வெல்டிங் வெச்சுருங்க, கொழந்தைங்க ஓடியாடற எடமுங்க.

கோபி பக்கம், சர்வே வேலை:

நாங்க தண்ணி தேட நெலத்துல வரிசையா நாலு கம்பி அடிச்சு, வெளி ரெண்டுல கரண்ட் விட்டு உள்ள ரெண்டுல வோல்டேஜ் பாப்போம். ஈரமா சிதைஞ்ச பாறைல மின்தடை கொறையும், காஞ்ச கருங்கல்லுல எகிறும். ஆனா களிமண்ணும் உப்புத்தண்ணியும் கூட கொறச்சுத்தான் காட்டும், அதனால மெசினயும் சாமி வாக்கா எடுத்துக்காதீங்க. நம்ம பக்கம் அடியில கருங்கல்லு, தண்ணி விரிசல்லதான் நிக்குது, கொஞ்சம் தள்ளிப்போனாலும் தப்பிரும்.

நான் பாயிண்ட் வெச்சுட்டுப் போனப்பறம் தோட்டத்துக்காரங்க நீரோட்டக்காரரயும் கூப்புடுவாங்க, அதுல எனக்கு வருத்தம் இல்ல, ரெண்டு பேரக் கேக்கறது நல்லதுதான். ஆனா நான் அடையாளத்துக்கு வெச்ச கல்லு அங்கயே கெடக்கும், அவரு தேங்காயும் நேரா அந்தக் கல்லுகிட்டப் போயி எந்திரிக்கும், ரெண்டு பேரும் ஒரே எடத்தச் சொல்லிட்டாங்கன்னு சந்தோசமா ரிக் வண்டிக்குப் போன் போட்டுருவாங்க. அவர வரச் சொல்றதுக்கு முன்னாடி அந்தக் கல்ல எடுத்துருங்க.