புது ஊக்குநர்: குழுவுக்கு நீங்கள் யார்? கண்டதைப் பகிருங்கள்

கூட்டமைப்புச் செயலாளர், தருமபுரி:
மகளிர் சுயஉதவிக் குழுவில் கூட்டத்தை நடத்திக் கணக்கு எழுதும் உறுப்பினர்தான் ஊக்குநர். அவர் மாறும்போது புதிதாக வருபவர் முதலில் கேட்பது கணக்கு எழுதுவது எப்படி என்றுதான். அது நாலு கூட்டத்தில் கைக்கு வந்துவிடும். யாரும் கேட்காத கேள்வி வேறு. நேற்றுவரை பக்கத்தில் பாயில் உட்கார்ந்திருந்தவர்களிடம் இன்று எப்படி நடந்துகொள்வது? பேங்க் ஒரு மாதிரி பார்க்கிறது, கட்சிக்காரர் ஒரு மாதிரி பார்க்கிறார், வீட்டுக்காரர் இன்னொரு மாதிரி. இதில் எதை ஏற்பது, எதைத் தள்ளுவது? 1989-ல் ஐ.நா.வின் வேளாண் வளர்ச்சி நிதியமான ஐஃபாட் உதவியோடு நம் மாவட்டத்தில்தான் தமிழக அரசின் மகளிர் குழுத் திட்டம் தொடங்கியது. இத்தனை வருடம் கழித்தும் பயிற்சியில் இந்தப் பகுதிக்கு அரை மணி நேரம்கூட ஒதுக்குவதில்லை. குழுக்களில் கண்டதை எழுதுங்கள். அறிவுரை வேண்டாம், செய்முறை வேண்டும்.

பயிற்றுநர், சேலம்:
முதல் வேலை, நீங்கள் இப்போது எப்படிப்பட்ட ஊக்குநர் என்று தெரிந்துகொள்வது. யோசித்துக் கண்டுபிடிக்க முடியாது, எண்ணித்தான் பார்க்க வேண்டும். ஒரு தாளில் உறுப்பினர் பெயர்களை வரிசையாக எழுதி ஒரு பிரதிநிதியிடம் (ஊக்குநரோடு சேர்ந்து வங்கியில் கையெழுத்துப் போடும் உறுப்பினர்) கொடுங்கள். கூட்டத்தில் யார் வாய் திறந்தாலும் அந்தப் பெயருக்கு நேரே ஒரு கோடு. அடுத்தடுத்து மூன்று கூட்டம் இப்படிச் செய்யுங்கள். அநேகமாக ஊக்குநர் பெயருக்கு நேரே கோடு நெருக்கியடித்து நிற்கும். நாலைந்து பேருக்கு ஒரே ஒரு கோடு, அதுவும் வருகை சொன்னதற்கு. அந்தத் தாள் ரொம்பப் பேருக்குக் கசக்கும். கசந்தாலும் கிழித்துப் போடாதீர்கள்.

பிறகு கூட்டத்து வேலையைப் பிரியுங்கள். போன கூட்டத் தீர்மானத்தைப் படிப்பது ஒருவர். சேமிப்பை வாங்கிச் சத்தமாக எண்ணுவது இன்னொருவர். பெட்டி ஒரு வீட்டில், சாவி வேறு வீட்டில். கடன் கேட்பவர் எதற்கு, எவ்வளவு, எத்தனை தவணை என்று தானே எழுந்து சொல்ல வேண்டும், அவருக்காக நீங்கள் சொல்லக் கூடாது. கருத்துக் கேட்கும்போது வட்டத்தில் உங்களுக்கு நேர் எதிரே இருப்பவரிடம் தொடங்கி, கடைசியாக நீங்கள் பேசுங்கள். ஊக்குநர் முதலில் வாய் திறந்தால் மற்றவர்கள் "அக்கா சொல்றதுதான்" என்று முடித்துவிடுவார்கள். அதை ஒற்றுமை என்று தீர்மானப் புத்தகத்தில் எழுதுவதைப் பல ஊரில் பார்க்கலாம்.

சறுக்கல் எங்கே வரும் என்றால், எழுதத் தெரியாதவருக்குப் படிக்கும் வேலையைக் கொடுத்துக் கூசவைப்பது. அவரைப் பணம் எண்ணச் சொல்லுங்கள். எண்ணுவதில் பெரும்பாலும் அவர்தான் கெட்டி.

வங்கிக் கிளையில் குழுக் கணக்கு பார்ப்பவர்:
எங்கள் கவுன்டரில் நின்று பார்த்தால் எந்த ஊக்குநர் எப்படி என்பது ஐந்து நிமிடத்தில் தெரியும். பிரதிநிதிகள் கையெழுத்துப் போட்ட, தொகை எழுதாத பணம் எடுக்கும் சீட்டுகளைக் கைப்பையில் வைத்திருப்பவர் ஒரு வகை. பிரதிநிதிகளை நேரில் கூட்டிவந்து, தொகையை எழுதிக் காட்டிக் கையெழுத்து வாங்குபவர் இன்னொரு வகை. முதல் வகையில் எல்லாரும் கெட்டவர்கள் கிடையாது. பிரதிநிதிக்குக் கூலி வேலை, பஸ் செலவு, அதனால் "நானே பார்த்துக்கறேன்" என்று தொடங்குவார்கள். ஒரு வருடத்தில் குழுவே அவர்தான் என்று ஆகிவிடும். பஸ் செலவைக் குழுச் செலவாகத் தீர்மானம் போட்டு எழுதிக்கொண்டால் இந்தச் சாக்கு போய்விடும்.

கணக்கில் பதிந்திருக்கும் போன் நம்பர் யாருடையது என்று பாருங்கள். பல குழுக்களில் பணம் எடுத்த குறுஞ்செய்தி ஊக்குநரின் வீட்டுக்காரர் போனுக்குத்தான் போகிறது. உறுப்பினர் ஒருவரின் சொந்த நம்பருக்கு மாற்ற ஒரு விண்ணப்பம் போதும். மாதம் ஒருமுறை பாஸ் புத்தகத்தில் வரவு செலவு அச்சடித்து, அதைக் கூட்டத்தில் வரிக்கு வரி படியுங்கள்.

இனி பெரிய விஷயம். 12 பேர் குழுவுக்கு 3,00,000 ரூபாய் கடன் வந்தால் தலைக்கு 25,000 என்று சமமாகப் பிரிப்பதுதான் வழக்கம். கேட்க நியாயமாக இருக்கும். ஆனால் அந்த நேரத்தில் நாலு பேருக்குப் பணம் தேவையே இருக்காது. அவர்கள் தங்கள் பங்கை ஊக்குநரிடமே கொடுத்து "நீ கட்டிக்கோ" என்பார்கள். அந்த 1,00,000-உம் சொந்தப் பங்கு 25,000-உம் சேர்ந்து ஒரே கையில் 1,25,000. அந்த ஒரு கை தவணை தவறினால் குழுவின் பாக்கி 90 நாளைத் தாண்டி வாராக்கடன் ஆகும், ஒழுங்காகக் கட்டிய ஏழு பேருக்கும் சேர்த்துத்தான். எனவே, வாங்கிய தொகை யாரிடம் இருக்கிறது என்பதைத் தீர்மானத்தில் எழுதுங்கள், யார் பெயரில் இருக்கிறது என்பதோடு நிறுத்தாதீர்கள். வேண்டாதவர் வேண்டாம் என்று கையெழுத்துப் போடட்டும்.

கடன் தகுதிக்கு நாங்கள் பார்ப்பது முறையான கூட்டம், சேமிப்பு, உள்கடன் (குழுப் பணத்திலிருந்து உறுப்பினர்களுக்குள் கொடுப்பது), திருப்பிக் கட்டுதல், சரியான புத்தகங்கள் என்ற ஐந்தும்தான். குறைந்தது ஆறு மாதம் அப்படி நடந்திருக்க வேண்டும். ஊக்குநர் எங்களிடம் எவ்வளவு பணிவாகப் பேசினார் என்பது அதில் இல்லை.

சமுதாய வளப் பயிற்றுநர், கிருஷ்ணகிரி:
பாக்கி வசூல்லதான் ஊக்குநரோட அடையாளமே மாறிப்போகுது. தவணை நின்னதும் சாயங்காலம் தனியா வீட்டு வாசல்ல போய் நின்னா, அன்னையிலிருந்து தெருவுக்கு அவங்க வசூல்காரி. அதனால முதல் தவணை தவறினதும் கூட்டத்துலயே பேசணும். அதுக்கும் வரிசை இருக்கு. முதல்ல ஊக்குநர் தன் கணக்கை வாசிக்கணும்: "என் கடன் 10,000, நூத்துக்கு ரெண்டு ரூபா வட்டி, இந்த மாசம் அசல் 1,000 கட்டிட்டேன், வட்டி 200 கட்டிட்டேன். அடுத்த மாசம் 9,000-க்கு வட்டி 180." அப்புறம் மத்தவங்க கணக்கு. தன்னோடதைச் சொல்லாம அடுத்தவங்க பாக்கியைக் கேட்டா அது மிரட்டலாத்தான் விழும்.

பாக்கிக்காரர் மாமியாராவோ சித்தியாவோ இருந்தா ஊக்குநர் கேட்கவே வேண்டாம், பிரதிநிதி கேட்கட்டும். ஊக்குநர் அந்தப் பேச்சுல வாய் திறக்க மாட்டாங்கன்னு முன்னாடியே தீர்மானத்துல எழுதிடுங்க. வீட்டுக்குப் போய்த்தான் ஆகணும்னா ரெண்டு பேரா, பகல்ல போங்க. "ஏன் கட்டல"ன்னு ஆரம்பிக்காதீங்க. "அத்தை, ரெண்டு தவணை நிக்குது. இந்த மாசம் எவ்வளவு முடியும்?"னு கேளுங்க. 300 ரூபான்னு சொன்னா 300 எழுதிக்கிட்டு வாங்க. கட்ட முடியாத தொகைக்கு வாக்கு வாங்கிட்டு வந்தா அடுத்த மாசம் அவங்க கூட்டத்துக்கே வர மாட்டாங்க.

மைக்ரோ பைனான்ஸ் ஆட்களும் ஊக்குநரைத்தான் தேடி வருவாங்க, ஒரு வீட்டுல பத்துப் பேர் சேர்ந்தா அவங்க வேலை முடிஞ்சது. கட்சிக் கூட்டத்துக்கு வேன் அனுப்புறவங்களும் அப்படித்தான். ரெண்டு பேருக்கும் ஒரே பதில்: "இதைக் கூட்டத்துல வெச்சுத்தான் சொல்ல முடியும், வியாழக்கிழமை வாங்க." வட்டத்துல உட்கார்ந்து எல்லார் முன்னாலயும் பேசச் சொன்னா பாதிப் பேர் வரவே மாட்டாங்க.

வங்கிக் கிளையில் குழுக் கணக்கு பார்ப்பவர்:
ஒரு சின்னத் திருத்தம். சொந்தக் கடனை முதலில் வாசிப்பது சரி. ஆனால் புதுக் கடன் வரும்போது ஊக்குநர் கடைசியாக வாங்குவதே நல்லது. விதி அப்படிச் சொல்லவில்லை, சந்தேகம் முளைக்க இடம் விடாமலிருக்கத்தான்.

கூட்டமைப்புச் செயலாளர், தருமபுரி:
வீட்டுக்காரர் கணக்கு எழுதும் குழுக்களைப் பற்றி யாரும் தொடவில்லையே?

பயிற்றுநர், சேலம்:
ஒரேயடியாக நிறுத்தச் சொன்னால் புத்தகமே நின்றுபோகும். முதல் மாதம் வருகையையும் சேமிப்பையும் மட்டும் ஊக்குநர் கையால். அடுத்த மாதம் ரொக்கப் புத்தகம். ஒவ்வொருவர் சேமிப்பையும் கடனையும் தனித்தனியாக எழுதும் பேரேடு கடைசியாக. வீட்டுக்காரர் கூட்ட இடத்துக்கு வரக் கூடாது, சந்தேகம் இருந்தால் கூட்டம் முடிந்தபின் வீட்டில் கேட்டுக்கொள்ளலாம். புத்தகம் இரவு அவர் வீட்டில் தங்காமல் பிரதிநிதி வீட்டில் இருக்கட்டும். எழுத்துக் கோணல்மாணலாக இருந்தாலும் தணிக்கைக்கு வருபவர் ஒன்றும் சொல்லப் போவதில்லை. கூட்டல் சரியா என்றுதான் பார்ப்பார்.

சமுதாய வளப் பயிற்றுநர், கிருஷ்ணகிரி:
பொறுப்பை ஒப்படைக்கிறதையும் சொல்லிடறேன், புது ஊக்குநருக்குப் பாதித் தலைவலி அங்கதான். வாங்குறப்பவே எல்லாரும் இருக்கிற கூட்டத்துல வாங்குங்க: தீர்மானப் புத்தகம், ரொக்கப் புத்தகம், சேமிப்பு கடன் பேரேடு, பாஸ் புத்தகம், காசோலைப் புத்தகம், ரப்பர் ஸ்டாம்ப், பெட்டிச் சாவி. ரொக்கத்தை எண்ணி, அன்னைக்குத் தேதி போட்ட இருப்போட ஒத்துப் பாருங்க. உறுப்பினர் கையில இருக்கிற தனிநபர் பாஸ் புத்தகத்தைக் குறைஞ்சது நாலு பேர்கிட்ட வாங்கி பேரேட்டோட ஒத்துப் பாருங்க, வித்தியாசம் அங்கதான் தெரியும். பேங்க்ல கையெழுத்து மாத்துறதுக்கான தீர்மானத்தையும் அன்னைக்கே எழுதிடுங்க. பழைய ஊக்குநர் மனசு கோணும்னு இதைத் தள்ளிப்போட்டா, பணம் எடுக்க ஒவ்வொரு தடவையும் அவங்க வீட்டு வாசலுக்குத்தான் போகணும்.